நான்காவது நிமிடத்து நாய்

கொச்கோர்,
ஜூலை மாதக் கடைசி, வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி தோலோமூஷ் அவர்களுக்கு, கொச்கோரிலிருந்து சாபரலி இரு கைகளையும் நெஞ்சில் வைத்து வணங்கி எழுதிக்கொள்வது.

உங்கள் ஆடுகள் நலமா? குதிரைகள் நலமா? பால் கறக்கும் பசுக்கள், அந்த ஒற்றைக்கண் கிடாய், அனைத்தும் நலமா? சம்பந்தியம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எங்கள் வருங்கால மருமகள் மீரிம் நலமா? தங்கள் அக்கா, மதிப்பிற்குரிய ஜூரா அம்மாள், நலமா? (இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.) இங்கே நானும், என் மனைவி புருல்சாவும், மகன் எர்னிஸும் உடம்பளவில் நலம். வேறு எந்த அளவில் என்று கேட்டீர்களானால், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சம்பந்தி, ஒன்பது நாட்களாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. சம்பந்தியம்மாவும் எடுக்கவில்லை. மீரிம் எங்கள் எர்னிஸுக்கு ஒரு வரிகூட அனுப்பவில்லையாம். பையன் ரொட்டியைப் பிய்க்கிறான், வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டுவிடுகிறான். "அப்பா, செப்டம்பர்ல கல்யாணம் நடக்கலைன்னா அதுக்குக் காரணம் உங்க காருதான்" என்று நேற்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் நடந்ததை உங்கள் அக்கா எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அக்காவின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர் கேட்டது பாதிதான். முப்பத்தோரு வருடம் நரின் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுக்காரனாக இருந்தவன் நான். பாதியில் வெட்டிய பதிவை முழுப் பதிவு என்று யாரும் எடுத்துக்கொள்வதை என்னால் பொறுக்க முடியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மே மாதம் உங்கள் வீட்டில், நிச்சயத்துக்கு அடையாளமாக மீரிமுக்குப் புருல்சா தோடு போட்டுவிட்ட அன்றைக்கு, விருந்துத் துணி விரித்த இடத்தில்தான் தொடங்கியது. நினைவிருக்கிறதா? நீங்கள் உங்கள் ஜப்பான் வண்டியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னீர்கள். "ஏறி உக்காந்தா போதும் சம்பந்தி, போன் தானா ஒட்டிக்கும், பாட்டு தானா வரும். நான் எதையும் தேட வேண்டாம், எதையும் மாட்ட வேண்டாம். மாட்டுக்கு ஊசி போடற கையோடயே பாட்டு மாத்தலாம்" என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "வர்றது பாட்டு இல்ல சம்பந்தி, பாட்டோட தோலு. சதையெல்லாம் வழியிலேயே உதிர்ந்து போயிடுது" என்று ஆரம்பித்து, அந்த நாயின் கதைக்கு வந்தேன்.

அந்த நாயை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. எண்பத்தேழில், ஒரு மேய்ச்சல்காரரின் குளிர்கால வீட்டில், மூன்று தந்திக் கோமுஸில் அவர் வாசித்த ஒரு குதிரை நடை மெட்டை நான் பதிவு செய்தேன். ஆறரை நிமிடம். நான்காவது நிமிடத்தில், தந்தி தாழ்ந்து வரும் இடத்தில், வெளியே தூரத்தில் ஒரு நாய் இரண்டு முறை குரைக்கும். நிலையத்தில் மேலதிகாரி வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை, ஏனென்றால் அந்த நாய் குரைத்ததும் வாசிப்பவர் அரை நொடி தாமதித்து, அதற்குப் பதில் சொல்வது போல ஒரு தட்டு தட்டுகிறார். அந்தத் தட்டில் அவர் நகம் கோமுஸின் வயிற்றில் படும் சத்தம்கூட இருக்கிறது. அந்தப் பதிவை நான் சிடியில் ஏற்றி என் பழைய ஜெர்மன் காரில் வைத்திருக்கிறேன். கதவு ஒவ்வொன்றிலும் நானே பலகை அறுத்துப் பொருத்திய ஸ்பீக்கர். அதில் நாய் கேட்கும். எர்னிஸ் அதே பதிவைச் சுருக்கிப் போனில் ஏற்றித் தந்தான். அதில் நாய் இல்லை! நாய் எங்கே போனது? எனக்கு அந்தக் கேள்விதான் சம்பந்தி, வேறொன்றும் இல்லை. இருந்த நாய் இல்லாமல் போனால் ஒரு மனுஷன் தேட மாட்டானா?

உங்கள் வீட்டிலிருந்து திரும்பியதும் ஆராய்ச்சியில் இறங்கினேன். முதலில் புருல்சாவை முன் இருக்கையில் உட்கார வைத்துச் சிடியையும் போனையும் மாற்றி மாற்றிப் போட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணுல நீங்க குனிஞ்சு சிடியைத் தேடறீங்க, ஒண்ணுல ரோட்டைப் பாக்கறீங்க. எனக்கு ரோட்டைப் பாக்கறதுதான் பிடிச்சிருக்கு" என்றாள். அடுத்து பக்கத்து வீட்டு வாடகைக் கார் முகாஷைக் கூப்பிட்டேன். அவன் எதைப் போட்டாலும் "இன்னும் சத்தமா வைங்கண்ணே" என்றான். கடைசியில், உச்சத்தில் வைத்ததும், "இதுதான் நல்ல சத்தம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். பிறகு நான் தனியாகவே காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். நாற்பதில் போனால் சிடியில் நாய் கேட்கிறது. அறுபதில் டயர் சத்தத்தில் இரண்டாவது குரைப்பு மட்டும் கேட்கிறது. எண்பதில் நாயும் இல்லை, நகமும் இல்லை. இரண்டாவது பாலம் தாண்டியதும் இருக்கிற குழியில் சிடி துள்ளி, நான்காவது நிமிடத்தையே விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போய்விடுகிறது. ஆக, காரில் நல்ல இசை கேட்க வேண்டுமென்றால் காரை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். இதைப் புருல்சாவிடம் பெருமையாகச் சொன்னபோது, "அப்ப வீட்டுக்குள்ள உக்காந்தே கேக்கலாமே, எதுக்குங்க காரு?" என்றாள். கேள்வி நியாயம்தான். ஆனால் அது நாய் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் இல்லையே.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் அக்கா ஜூரா அம்மாள், பெண் போகப்போகிற வீட்டைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. காராகோல் இசைப்பள்ளியில் நாற்பது வருடம் கோமுஸ் சொல்லிக்கொடுத்தவர்! ஒரு வகுப்பே சேர்ந்து வாசித்தாலும், முதுகைக் காட்டிக்கொண்டு சன்னலில் நின்றபடியே, "மூணாவது வரிசை, தொப்பி போட்டவன், உன் நடுத்தந்தி இறங்கியிருக்கு" என்று சொல்லக்கூடியவர். உங்களுக்கும் எனக்கும் நடுவில் இதைவிட நல்ல நீதிபதி யார் கிடைப்பார்? மூன்று நாள் தங்கினார். நான்காம் நாள் காலை, "பஸ்ஸுல எதுக்குங்க அக்கா, நானே காராகோல் வரைக்கும் கொண்டுவந்து விடறேன்" என்றேன். அவர் என் பெருந்தன்மையை மெச்சினார். சம்பந்தி, இப்போது ஒப்புக்கொள்கிறேன், அது பெருந்தன்மை இல்லை, ஆராய்ச்சி.

சோதனை நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா? எது சிடி, எது போன் என்று நீதிபதிக்குத் தெரியக்கூடாது. எர்னிஸ் எனக்காக, சிகரெட் பற்றவைக்கும் குழியில் செருகுகிற கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றை வாங்கி வந்து, புளூடூத்தில் போனை அதோடு கோர்த்துவிட்டிருந்தான். "அப்பா, போன் வந்தா நீங்க தொடவே வேண்டாம், தானா எடுத்துக்கற மாதிரி வச்சிருக்கேன். உங்க வசதிக்குத்தான்" என்றான். நான் அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கினேன், மண்டையில் ஏற்றவில்லை. பாதி வழி சிடி போட்டேன். அக்கா சாலையை ஒட்டி நீண்ட ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தார். பர்ஸ்கோன் தாண்டி, வாளியில் ஆப்ரிகாட் விற்கிறார்களே, அந்த இடத்தில் நிறுத்தி, ஒரு வாளி வாங்கி டிக்கியில் வைத்தேன். வைக்கும்போதே, அவருக்குத் தெரியாமல் போனில் அந்த மெட்டைத் தட்டிவிட்டு, போனைக் கோட்டுப் பைக்குள் போட்டு, கோட்டை வாளிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்து, டிக்கியைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். புளூடூத்துக்கு டிக்கியெல்லாம் ஒரு தடையே இல்லை. மெட்டு ஓடியது. நான் நாற்பதிலேயே ஓட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லாம் ஒலிப்பானை அமுக்கினார்கள், நான் அசையவில்லை.

"அக்கா, இப்ப நாலாவது நிமிஷம் வரப்போகுது. கண்ணை மூடிக்கிட்டு நல்லாக் கேளுங்க. தூரத்துல ஏதாவது கேக்குதான்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லி, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். அக்கா கண்ணை மூடினார். தந்தி தாழ்ந்து வந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாய் வரவேண்டிய இடத்தில், சம்பந்தி, என் மனைவி வந்தாள். (இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து புருல்சாவிடம் சொல்லிவிடாதீர்கள்.)

"ஏங்க, அந்தம்மாவை இறக்கி விட்டாச்சா? நான் மாவு பிசைஞ்சுக்கிட்டிருக்கேன், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சொல்றதை மட்டும் கேளுங்க."

நான்கு கதவிலிருந்தும் வந்தது. நான் பலகை அறுத்துப் பொருத்திய ஸ்பீக்கர்கள் அல்லவா? ஒரு எழுத்து சிந்தவில்லை, ஒரு மூச்சு சிதறவில்லை. மாவைப் பலகையில் போட்டு அடிக்கிற சத்தம்கூடத் தனியாக, இடது பின்கதவிலிருந்து வந்தது. என் வாழ்நாளில் அந்தக் கார் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை.

"மூணு நாளுங்க! மூணு நாளு! நேத்துச் சாயங்காலம் நான் கிண்ணம் தளும்பத் தளும்ப டீ ஊத்தி வச்சேன். கிண்ணம் நிறைய ஊத்தினா கிளம்புங்கன்னு அர்த்தம், நம்ம ஊர்ல கன்னுக்குட்டிக்குக்கூடத் தெரியும். அந்தம்மா என்ன சொல்றாங்க? 'ஆகா, என்ன தாராள மனசு'ன்னு சொல்லி மொத்தத்தையும் குடிச்சுட்டு, இன்னொரு கிண்ணம் கேக்கறாங்க!"

"புருல்சா! நிறுத்து!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? மைக் டிக்கியில், கோட்டுக்குள், ஆப்ரிகாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கட்டைவிரல் கருவிக்கு வாய் மட்டும்தான், காது கிடையாது. சத்தத்தையாவது குறைக்கலாம் என்று குமிழைத் திருகினேன். பதற்றத்தில் நான் திருகியது பாஸ் குமிழ். புருல்சாவின் குரல் இன்னும் கனமாகி, அரசாங்க அறிவிப்பு வாசிப்பது போல வர ஆரம்பித்தது. மறுபடி கையை நீட்டினேன். அக்கா கண்ணைத் திறக்காமலே, "கையை எடுங்க சம்பந்தி. முழுசாக் கேப்போம்" என்றார். நாற்பது வருட வாத்தியாரம்மா குரல். என் கை தானாக மடிக்குத் திரும்பிவிட்டது.

"அவங்களுக்குப் பெட்ரோல் போட்டுக் காரு வேற! மே மாசம் அந்த வீட்டுல உங்களுக்கு என்ன எலும்பு வச்சாங்க? மாப்பிள்ளையோட அப்பாவுக்கு, சம்பந்திக்கு, ஆட்டோட இடுப்பெலும்பு வைக்கணுமா இல்லையா? வச்சாங்களா? தோள்பட்டை எலும்பு! சின்னப் பயலுக்கு வைக்கற எலும்பு! நான் பொம்பளைங்க பக்கத்துல உக்காந்து என் கண்ணால பாத்தேன். நீங்க என்னடான்னா நாய்க் கதை பேசிக்கிட்டு அதைச் சப்பிக்கிட்டிருக்கீங்க. உங்க மரியாதைக்காக இத்தனை நாளா வாயைத் திறக்கலை…"

இதற்குள் நான் வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்தி, இறங்கி, பின்னால் ஓடி, சாவியைத் தேடினேன். சாவி எஞ்சினிலேயே இருந்தது. திரும்ப முன்னால் ஓடி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சாவியை உருவினேன். எஞ்சின் நின்றது, புருல்சா நிற்கவில்லை. அந்தக் காரில் எஞ்சின் அணைந்தாலும் பாட்டு ஓடும்படி நானேதான் கம்பி மாற்றிவைத்திருக்கிறேன், நிறுத்தி வைத்து நாயைக் கேட்பதற்காக. டிக்கியைத் திறந்து, கோட்டை உதறி, எந்தப் பை என்று தெரியாமல் எல்லாப் பையையும் பிதுக்கி, கடைசியில் போனை எடுத்து அந்தச் சிவப்பு வட்டத்தை அமுக்கினேன். அமுக்குகிற அந்த நொடியில் காருக்குள்ளிருந்து புருல்சாவின் குரல், கொஞ்சம் தணிந்து, "ஆனா ஒண்ணு…" என்றது. அதோடு அறுந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "சத்தம் ரொம்பத் தெளிவா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். வாசலில் இறங்கியபோது ஆப்ரிகாட் வாளியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், ஆனால் டீ குடிக்க வாங்க என்று கூப்பிடவில்லை. "தீர்ப்பை என் தம்பிகிட்ட சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இருநூற்று எழுபது கிலோமீட்டர் நான் எதையும் போடாமல், சிடியும் இல்லாமல், போனும் இல்லாமல், டயர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பினேன். முன்பக்க இடது டயரில் ஒரு கல் மாட்டியிருக்கிறது என்பதுதான் அன்றைக்கு நான் புதிதாகக் கண்டுபிடித்தது.

வீட்டுக்கு வந்து புருல்சாவிடம் சொன்னேன். இரு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டாள். அழுதாள், என்னைத் திட்டினாள், எர்னிஸைத் திட்டினாள், அந்தக் கட்டைவிரல் கருவியைப் பிடுங்கி அடுப்படிப் பரணில் எறிந்தாள். எல்லாம் ஓய்ந்த பிறகு, எனக்கு மறுபடியும் ஒரு கேள்வி வந்தது. என் புத்தியை என்ன செய்ய? "புருல்சா, நான் போனை வெட்டினப்போ நீ 'ஆனா ஒண்ணு'ன்னு சொன்னியே, அதுக்கப்புறம் என்ன சொன்னே?" என்று கேட்டேன். அவளுக்கு நான் வெட்டியதே தெரியாதாம். போனை மாவு மூட்டை மேல் சாத்தி வைத்துவிட்டு, ரொட்டி தட்டி முடிக்கிற வரை பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். நாற்பது வருடம் அவளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன் சம்பந்தி, அவள் கேசட் மாதிரி: திட்டு எல்லாம் முதல் பக்கம், பாசம் எல்லாம் மறுபக்கம். திருப்பிப் போடாதவனுக்குப் பாதிதான் தெரியும். அக்கா கேட்டது முதல் பக்கம். மறுபக்கத்தை, அவளை மூன்று முறை சொல்லவைத்து, ஒரு சொல் மாறாமல் எழுதியிருக்கிறேன்:

"ஆனா ஒண்ணு. அவங்க எலும்பே வைக்காம வெறும் தட்டை நீட்டியிருந்தாலும் போகட்டுங்க. மீரிமைக் குடுக்கறாங்களே! தோடு போட்டப்போ அந்தப் பொண்ணு என் காதுகிட்ட, 'உங்க கை நடுங்குது, நானும்தான் நடுங்கறேன்'னு சொன்னா. அதுக்கப்புறம் எனக்கு எந்த எலும்பு வேணும்? அந்த அக்காவும் பாவம். தனியா இருக்கறவங்க, நாலு பேர் பேச்சு கேக்கற வீட்ல மூணு நாள் உக்காரணும்னு ஆசைப்பட்டிருக்காங்க. நான் கிண்ணம் நிறைய ஊத்தினது தப்புங்க. காலையில கிளம்பறப்ப என் கையைப் பிடிச்சாங்களே, விடவே இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி இன்னொரு தடவை கூட்டிக்கிட்டு வாங்க. அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமா நாள் பூரா ஊத்தறேன்."

இதுதான் முழுப் பதிவு. இதைப் போனில் சொல்லலாம் என்றுதான் ஒன்பது நாளாக முயன்றேன், நீங்கள் எடுக்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்ய எனக்குத் துணிவில்லை. ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்: இனி என் காரில் புளூடூத் கிடையாது. வசதி வேண்டாம், சிடி துள்ளினால் துள்ளட்டும். கையெழுத்திலும் சிடியிலும்தான் எதுவும் உதிராமல் வருகிறது. போன் வழியாக நாயும் வராது, ஒரு மனுஷியின் மனசும் வராது என்பது என் ஆராய்ச்சியின் இறுதி முடிவு.

கோபத்தை விட்டுவிடுங்கள் சம்பந்தி. எங்களைத் திட்டுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள். உள்ளங்கைகளை விரித்து வேண்டுகிறேன்: உங்கள் ஆடுகள் இரட்டையாகக் குட்டி போடட்டும், உங்கள் புகைபோக்கியில் புகை நிற்காமல் போகட்டும், உங்கள் வாசலில் கட்டிய குதிரை பசி அறியாமல் இருக்கட்டும், செப்டம்பரில் நாம் ஒரே விரிப்பில் உட்காருவோமாக. ஓமின் என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொள்கிறேன்.

உங்கள் அன்பும் அச்சமும் நிறைந்த சம்பந்தி,
சாபரலி.

பின்குறிப்பு: சம்பந்தி, மேலே எழுதியதை உறையில் போடுவதற்கு முன் புருல்சாவுக்கு ஒருமுறை வாசித்துக்காட்ட வேண்டும் என்று காரில் உட்கார வைத்தேன் (எங்கள் வீட்டில் எதிரொலி இல்லாத இடம் அதுதான், கண்ணாடியை ஏற்றிவிட்டேன்). வாசிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை உங்களுக்குப் போன் அடித்துப் பார்த்தேன். வழக்கம் போல மணி போய்க்கொண்டே இருந்தது. அலுத்துப்போய், போனைக் கோட்டுப் பையில் போட்டுவிட்டுக் கடிதத்தை எடுத்தேன். நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆடு, குதிரையிலிருந்து ஓமின் வரை உரக்க வாசித்தேன். அந்த நாய்-மனைவி வாக்கியத்தை மட்டும் மெதுவாக வாசித்து நழுவப் பார்த்தேன். பிடித்துவிட்டாள், தோளில் ஒரு அடி. கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாயைத்தான் போடுங்களேன், என்னதான் இருக்குன்னு இன்னைக்காவது கேக்கறேன்" என்றாள். சிடியைப் போட்டேன். நான்காவது நிமிடத்தில் நாய் இரண்டு முறை குரைத்தது. உடனே என் இடுப்புப் பக்கத்திலிருந்து உங்கள் குரல்: "சம்பந்தி! கேட்டுச்சு! நாய் கேட்டுச்சு! ரெண்டு தடவை!"

முப்பத்தோரு வருட அனுபவம், இரண்டு மாத ஆராய்ச்சி, ஒரு பென்சில் முழுதும் தீர்ந்தது, எல்லாம் ஒரு கோட்டுப் பைக்குள் முடிந்துபோனது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நீங்கள் அடுத்துச் சொன்னீர்களே: ஒன்பது நாளாக நீங்கள் கோபமாக இல்லை, ஆடுகளுக்குத் தடுப்பூசி போட மலை மேய்ச்சலுக்குப் போயிருந்தீர்கள், சம்பந்தியம்மாவும் மீரிமும் புளித்த குதிரைப்பால், அதாவது குமிஸ், குடிக்கக் கூடவே வந்தார்கள், அங்கே சிக்னலே கிடையாது என்று போன்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனீர்கள், இப்போதுதான் இறங்கி வீட்டுக்கு வந்தீர்கள் என்று. தளும்பிய கிண்ணத்தைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் அக்கா ஒரு வார்த்தைகூட உங்களிடம் சொல்லவில்லை என்று! "நீங்க இப்ப வாசிச்சுத்தான் எனக்கே தெரியும்" என்றீர்கள். அக்கா ஒன்பது நாள் மூடி வைத்ததை நானே திறந்து, உச்சரிப்புச் சுத்தமாக, இருபத்திரண்டு நிமிடம் உங்கள் காதில் ஊற்றியிருக்கிறேன். புருல்சா இருக்கையோடு சரிந்துவிட்டாள்.

பிறகு நீங்கள், "இடுப்பெலும்பு உங்களுக்குத்தான் வச்சேன் சம்பந்தி, என் கையால வச்சேன். நீங்க நாய்க் கதை சொல்ற வேகத்துல, 'நீ சாப்பிடு, நான் சொல்றதைக் கேளு'ன்னு அதை என் மச்சான் தட்டுல தள்ளிட்டு, அவனோட தோள்பட்டை எலும்பை இழுத்துக்கிட்டீங்க. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டோம்" என்றீர்கள். புருல்சா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தக் கருவியாலும் பதிவு செய்ய முடியாது.

ஆக, இந்தக் கடிதத்தில் உள்ள எதற்கும் இனி தேவையில்லை, கிழித்துவிடுகிறேன் என்றேன். நீங்கள்தான் தடுத்தீர்கள்.

"கிழிச்சுடாதீங்க சம்பந்தி. நான் மலைக்குக் கிளம்பின அன்னைக்கு அக்கா ஒண்ணே ஒண்ணு சொன்னா: 'அந்த வீட்டுல ஒரு வாக்கியம் பாதியில நிக்குதுடா. எப்படி முடியுதுன்னு தெரிஞ்சாத்தான் நான் தீர்ப்புச் சொல்ல முடியும்'னு. எனக்கு அப்பப் புரியலை. அதனால தபால்ல போடுங்க."

"எதுக்குங்க தபாலு? நீங்க இப்பவே போன்ல சொல்லிடலாமே, ஒரு நிமிஷ வேலை" என்றேன் நான். நானே சொன்னேன், சம்பந்தி, என் வாயால்.

"வேண்டாம். கோட்டுத்துணி உரசி உரசி, அந்த இடம் எனக்கே பாதிதான் கேட்டுச்சு. அதைப் போய் அக்காகிட்ட சொன்னா அது பாதிக்குப் பாதியாயிடும். கையெழுத்துல வரட்டும். அக்கா கையில குடுத்து, பக்கத்துல உக்காந்து, முழுசாப் படிக்கச் சொல்றேன்."

ஆகவே அனுப்புகிறேன். அக்காவை ஏற்றிவர, நீங்கள் நாள் சொன்னதும் அதே காரில் வருகிறேன். போன் வீட்டிலேயே இருக்கும்.